மார்க்கா, பாடமா? பிளஸ் ஒன் குரூப் பற்றிய கேள்விகளும் பதில்களும்

ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் நிற்கிற இந்த நாட்களில்தான் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வருகிறது, பிளஸ் ஒன் சேர்க்கையும் நடக்கிறது. கையில் காசு இல்லாத நேரத்தில் அவசரமாக முடிவெடுக்க வேண்டாம் என்பதற்காகவே, அரசுப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிற நான் இதை எழுதுகிறேன்.

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு அப்பா: மகள் 462 மார்க். இன்ஜினியரிங் ஆசை. காமர்ஸ் எடுத்தால் 580 வாங்கலாம், சயின்ஸில் 500 தாண்டாது என்கிறார்கள். என்ன செய்யட்டும் டீச்சர்?

அண்ணே, இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் பிளஸ் டூவின் மொத்தம் 600-ஐ யாரும் பார்ப்பதில்லை. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, மொத்தம் 200. தமிழும் ஆங்கிலமும் சேராது. நூற்றுக்குக் கணக்கில் 90, இயற்பியலில் 80, வேதியியலில் 84 எடுத்தால், பின்னிரண்டும் பாதியாகி 40, 42 என்று சேரும்; கட்-ஆஃப் 172. காமர்ஸ் குரூப்பில் இயற்பியலும் வேதியியலும் கிடையாது. 580 எடுத்தாலும் அவள் கேட்கிற படிப்புக்கு உதவாது.

பத்தாம் வகுப்புக் கணக்கை அவள் எப்படிப் படித்தாள் என்று பாருங்கள். புத்தகக் கணக்கில் எண்ணை மாற்றிக் கொடுங்கள். அப்போதும் போடுகிறாள் என்றால் தைரியமாகச் சேருங்கள். ஆனால் முதல் பரீட்சையில் இயற்பியலில் 40 வந்தாலும் வரும், திட்டிவிடாதீர்கள். இயற்பியலில் இரண்டாவது பாடத்திலேயே வெக்டரும் வகை நுண்கணிதமும் வந்துவிடுகின்றன. கணக்குப் புத்தகத்திலோ அவை இரண்டாம் தொகுதியில்தான். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே அங்கே தடுமாறி, தனக்கு மூளை இல்லை என்று அழுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சில மாதம் பக்கத்தில் இருங்கள், போதும்.

பாம்பன் மாணவி: கம்ப்யூட்டர் சயின்ஸில் சென்டம் எளிது என்கிறார்களே, பயாலஜியை விட்டுவிடலாமா?

அந்த சென்டமும் கட்-ஆஃபில் சேராதும்மா. இன்ஜினியரிங் மட்டும்தான் என்று உறுதியாக இருந்தால் கம்ப்யூட்டர் எடு. கொஞ்சமாவது சந்தேகம் இருந்தால் கணக்கும் பயாலஜியும் சேர்ந்த பயோ-மேக்ஸ் குரூப். பாடம் கனம்தான், மறைக்க மாட்டேன். ஆனால் நீட் எழுதலாம், வேளாண்மை, கால்நடை மருத்துவத்துக்கும் விண்ணப்பிக்கலாம். நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் பி.எஃப்.எஸ்சி. என்கிற மீன்வள அறிவியல் பட்டப் படிப்பு நம் கடற்கரைப் பிள்ளைகள் பலருக்குத் தெரியாமலே போகிறது. எனக்கு அது பெரிய வருத்தம்.

தேவிபட்டினம் அம்மா: ஆறாவது முதல் அரசுப் பள்ளி. பிளஸ் ஒன் மட்டும் தனியார் பள்ளியில் சேர்த்தால் மார்க் கூடுமா?

வேண்டாம்மா. தொழிற்படிப்புச் சேர்க்கையில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு ஆறு முதல் பன்னிரண்டு வரை அங்கேயே படித்தவர்களுக்கு. அதில் சீட் கிடைத்தால் கல்விக் கட்டணம் அரசுடையது. பத்து, இருபது மார்க்குக்காக அதை இழக்காதீர்கள்.

கீழக்கரைத் தாய், துபாயிலிருந்து: மகள் அமெரிக்கப் பாடத்திட்டத்தில் படிக்கிறாள். ஏ.பி. என்கிற கல்லூரி அளவிலான கடின வகுப்பில் இயற்பியல் எடுத்தால் பி கிரேடு வருமாம், சாதாரண வகுப்பில் ஏ. அமெரிக்காவில் எதைப் பார்ப்பார்கள்?

இரண்டையும் பார்ப்பார்கள். பள்ளியிலிருந்து போகிற அறிக்கையில், அங்கே கிடைக்கிற பாடங்களோடு ஒப்பிட்டு இவள் எடுத்தவை எவ்வளவு கடினம் என்று கவுன்சலர் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் எளிய வகுப்புகளாகவே எடுத்து ஏ வாங்கினால் அது தெரிந்துவிடும். அவளுக்கு இயற்பியல் பிடிக்கும் என்றால் பி பரவாயில்லை, எடுக்கட்டும். சி-க்கு இறங்கும், மற்ற பாடங்களையும் இழுத்துவிடும் என்று தோன்றினால் வேண்டாம்.

ராமேஸ்வரம் மாணவன்: ஐஐடிக்குப் பள்ளி மார்க் தேவையா?

தேவை தம்பி. ஜே.இ.இ. நுழைவுத் தேர்வின் ரேங்க்தான் இடம் தரும். ஆனால் பிளஸ் டூவில் 75 சதவீதம் அல்லது போர்டில் முதல் 20 பெர்சன்டைல் இருக்க வேண்டும். எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 65. கோச்சிங்கை நம்பிப் பள்ளிப் பாடத்தைக் கைவிடாதே.

தொண்டி அப்பா: மகனுக்குக் கணக்கு என்றாலே கசப்பு. சி.ஏ. ஆகணும் என்கிறான். நல்ல மார்க் எடுத்த பையன் காமர்ஸா என்று ஊரில் கேட்கிறார்கள்.

ஊர் கேட்கட்டும் அண்ணே. அக்கவுண்டன்சி எளிதான பாடமில்லை, சி.ஏ.வின் முதல் தேர்வான ஃபவுண்டேஷன் அதைவிடக் கடினம். அவன் கடினமானதைத்தான் கேட்கிறான். நாளைக்கே போய்ச் சேர்த்துவிடுங்கள்.