ஜெயித்தால் 15 சதவீதம்: இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் அப்பா பெயரில் இரண்டு ஏக்கர் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. உயில் எழுதாமல் இறந்துவிட்டார், அம்மாவும் இல்லை. பசுந்தேயிலைப் பணம் முழுவதையும் அண்ணன்கள் இருவருமே எடுத்துக்கொள்கிறார்கள். பாகப்பிரிவினை வழக்குக்காக நான் பார்த்த வக்கீல், 'இப்போது 20 ஆயிரம், ஜெயித்ததும் உங்கள் பங்கில் 15 சதவீதம்' என்கிறார். கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடாதீர்கள், சகோதரி. வழக்கின் முடிவை வைத்தோ, கிடைக்கும் சொத்தில் பங்காகவோ வக்கீல் ஃபீஸ் பேசுவதை இந்திய பார் கவுன்சில் விதிகளில் 20ஆவது விதி தடை செய்கிறது. அப்படிப்பட்ட ஒப்பந்தம் செல்லாது என்று பி.சுனிதா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஃபீஸை ரூபாயில், கட்டம் கட்டமாகப் பேசி, வக்காலத்தில் கையெழுத்திடும் முன்பே எழுதி வாங்குங்கள். நோட்டீஸ், பிராது (வழக்கு மனு) தாக்கல், இடைக்கால மனுக்கள், சாட்சி விசாரணை, வாதம் என்று தனித்தனியாக இருக்கட்டும். தேயிலை வருமானத்தை கோர்ட்டில் கட்டச் சொல்லும் மனு உங்களுக்குக் கட்டாயம் தேவைப்படும். அது பேசிய தொகைக்குள் அடங்குமா என்று கேளுங்கள்.

பலர் ஏமாறுவது இதற்கு அடுத்த இடத்தில்தான். பாகப்பிரிவினையில் முதலில் வருவது முதல்நிலைத் தீர்ப்பாணை. உங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு உண்டு என்று மட்டும் அது சொல்லும். எந்தப் பாத்தி யாருக்கு என்று சொல்லாது. அதற்கு இறுதித் தீர்ப்பாணை மனு போட வேண்டும். கோர்ட் நியமிக்கும் கமிஷனரும் சர்வேயரும் தோட்டத்துக்கு வந்து அளப்பார்கள். மலைச்சரிவில் பரப்பை மட்டும் பார்த்துப் பிரித்தால் ரோட்டோரம் ஒருவருக்கும், பாதையே இல்லாத பள்ளம் இன்னொருவருக்கும் போய்விடும். ஆகவே வக்கீல் அன்று கூடவே நிற்க வேண்டும். கமிஷனர் கட்டணம், சர்வே செலவு, இறுதித் தீர்ப்பாணையை எழுத முத்திரைத்தாள் எல்லாம் வக்கீல் ஃபீஸுக்கு வெளியே. 'கேஸ் முடியும் வரை இவ்வளவு' என்றால், இறுதித் தீர்ப்பாணையும் சேர்த்தா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

கோர்ட் ஃபீஸ் வேறு கணக்கு. நீங்களும் கூட்டு அனுபவத்தில், அதாவது சொத்தைச் சேர்ந்து கைவசம் வைத்திருப்பதாக வழக்குப் போட்டால் சிறிய நிலையான தொகைதான். அனுபவத்திலிருந்து உங்களை அடியோடு விலக்கிவிட்டார்கள் என்றால் பங்கின் சந்தை மதிப்பில் 3 சதவீதம். பங்கு 20 லட்சம் பெறுமானால் 60 ஆயிரம். வருமானத்தில் பங்கு தரவில்லை என்பதாலேயே விலக்கியதாகிவிடாது. ஒரு சகபங்குதாரரின் அனுபவம் பொதுவாக எல்லோருக்குமான அனுபவம்தான். பிராதில் ஒரு வரியை யோசிக்காமல் எழுதினால் இந்த வித்தியாசம் உங்கள் தலையில் விழும். அதற்காக நடக்காததை எழுதவும் கூடாது.

மூலப்பத்திரத்தைக் கொடுக்காதீர்கள், ஜெராக்ஸ் போதும். சாட்சி விசாரணையில் ஆவணமாகக் குறியீடு செய்யும்போது அசலைக் கொண்டுபோகலாம். வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். பணத்தை வங்கி வழியாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். தாக்கலான பின் உங்கள் வழக்குக்கான 16 இலக்க அடையாள எண்ணை (சி.என்.ஆர்.) கேட்டு வாங்கினால் இ-கோர்ட்ஸ் செயலியில் ஒவ்வொரு வாய்தாவையும் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஃபீஸ் பாக்கி என்று சொல்லி எந்த வக்கீலும் வழக்குக் கட்டைப் பிடித்துவைக்க முடியாது; ஆர்.டி.சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000இல் தீர்த்துவைத்த விஷயம் இது.

இத்தனைக்கும் நீங்கள் ஃபீஸே கொடுக்க வேண்டியதில்லை. சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1987, பிரிவு 12இன்படி பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. கோர்ட் ஃபீஸையும் அந்த உதவியில் கேட்கலாம். உதகையில் உள்ள மாவட்ட ஆணைக்குழுவில் மனு கொடுங்கள், அல்லது 15100க்கு அழையுங்கள். வழக்குக்கு முன்பே அண்ணன்களை அழைத்து லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) சமரசம் பேசவும் அங்கேயே கேட்கலாம். ஆனால் அங்கே கையெழுத்திடும் முன் சர்வே எண், எல்லை, நடைபாதை மூன்றும் வரைபடத்தோடு எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். லோக் அதாலத் தீர்வுக்கு அப்பீல் கிடையாது.