சி.இ.ஏ. கூடியிருக்கிறது, சி.டி.யில் ஒன்றுமில்லை: பெட் ஸ்கேன் எடுக்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. பெருங்குடலில் மூன்றாம் நிலைப் புற்றுநோய் கண்டறியப்பட்டு, அறுவை சிகிச்சையும் கீமோவும் முடிந்து 14 மாதங்கள் ஆகின்றன. இதுவரை 3-ஐ ஒட்டியே இருந்த சி.இ.ஏ. (குடல் புற்றுநோயைக் கண்காணிக்க இரத்தத்தில் பார்க்கும் அளவு) இப்போது 6.8 என்று வந்திருக்கிறது. போன மாதம் எடுத்த சி.டி. ஸ்கேனில் எதுவும் இல்லை என்கிறார்கள். உடனே பெட் ஸ்கேன் எடுத்துவிடலாமா? அம்மாவுக்குச் சர்க்கரை நோயும் உண்டு, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். இரத்தப் பரிசோதனையை இந்த முறை வீட்டுக்கு அருகிலுள்ள லேபில் செய்தோம்.

பதில்: உங்கள் கேள்வியின் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். பழைய அறிக்கையையும் புதிய அறிக்கையையும் அருகருகே வைத்து, எண்ணுக்குக் கீழே சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் பரிசோதனை முறையைப் பாருங்கள். ஒன்றில் ‘சி.எல்.ஐ.ஏ.’ என்றும் மற்றதில் ‘இ.சி.எல்.ஐ.ஏ.’ என்றும் இருந்தால், அந்த இரண்டு எண்களையும் ஒப்பிட்டுக் கலங்குவதில் பொருளில்லை. சி.இ.ஏ. ஒரு புரதம், அதை அளக்க ஒவ்வொரு கருவி நிறுவனமும் வெவ்வேறு எதிர்ப்பொருளைப் பயன்படுத்துவதால், ஒரே இரத்தம் இரண்டு லேப்களில் இரண்டு அளவைக் காட்டக்கூடும். எனவே, முன்பு பார்த்த அதே லேபில் இந்த வாரமே ஒரு முறையும், மூன்று நான்கு வாரம் கழித்து இன்னொரு முறையும் சி.இ.ஏ. பாருங்கள்.

கனடாவின் மாண்ட்ரியலில் ஃபில் கோல்ட், சாமுவேல் ஃப்ரீட்மன் என்ற இருவர் 1965-இல் இந்தப் புரதத்தை விவரித்தபோது, குடல் புற்றுநோயை இரத்தத்திலேயே கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை எழுந்தது. அது நிறைவேறவில்லை. புகைப்பழக்கம், கல்லீரல் நோய், கணைய அழற்சி, குடல் அழற்சி ஆகியவற்றிலும் இது கூடுகிறது. இன்று இதன் பெரிய பயன், சிகிச்சையை முடித்தவர்களைக் கண்காணிப்பதில்தான் இருக்கிறது. அங்கேயும் ஒற்றை எண்ணைவிட எண்களின் போக்கே பேசும். 6.8, 6.5, 7 என்று ஒரே இடத்தில் நின்றால் வேறு காரணம் இருக்க வாய்ப்புண்டு, 6.8, 9, 14 என்று ஏறினால் நோய் திரும்பியிருக்கிறதா என்று தேடியே ஆகவேண்டும். அறுவை சிகிச்சைக்கு முன் எவ்வளவு இருந்தது என்றும் பழைய கோப்பில் பாருங்கள். அப்போது மிகுந்திருந்து, அறுவைக்குப் பின் இறங்கியிருந்தால், இப்போதைய ஏற்றத்துக்கு முக்கியத்துவம் கூடுதல்.

அடுத்தது, செலவு குறைவான, பலரும் மறந்துவிடும் வேலை. சி.டி. ஸ்கேன் படங்கள் அடங்கிய குறுந்தட்டை (அறிக்கைத் தாளை மட்டுமல்ல) எடுத்துச் சென்று, முந்தைய ஸ்கேன்களோடு ஒப்பிட்டு மறுபடி பார்க்கும்படி கதிரியக்க மருத்துவரிடம் (ரேடியாலஜிஸ்ட்) கேளுங்கள். சி.இ.ஏ. கூடியிருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். அதைத் தெரிந்துகொண்டு பார்க்கும் கண், கல்லீரலின் விளிம்பையும் இடுப்புக்குழியையும் இன்னொரு முறை துழாவும். அறுவைக்குப் பிந்தைய முதலாண்டுக் கொலனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) விட்டுப்போயிருந்தால் அதையும் முடித்துவிடுங்கள்.

ஏற்றம் உறுதியானால், பெட்-சி.டி. (இரண்டையும் சேர்த்தெடுக்கும் ஸ்கேன்) கேட்பது நியாயமே. சி.டி. உருவத்தைப் பார்க்கிறது, பெட், கதிரியக்க ஃபுளூரின் ஏற்றிய குளுக்கோஸை எந்தத் திசு அதிகம் இழுக்கிறது என்று பார்க்கிறது. ஆனால் சுமார் 8 மில்லிமீட்டருக்கும் சிறிய கட்டிகளை அது தவறவிடலாம். பயாப்ஸி அறிக்கையில் ‘மியூசினஸ்’ என்று இருந்தால், சளி நிறைந்த அந்தக் கட்டிகள் குளுக்கோஸை அதிகம் இழுப்பதில்லை. மாறாக, காசநோய் வந்த நெறிக்கட்டி புற்றுநோய் போலவே ஒளிரும். நம் ஊரில் இதை நினைவில் வைக்காமல் பெட் அறிக்கையைப் படிக்கக் கூடாது. கல்லீரலில் சிறிய புள்ளிகளைத் தேட எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் பெட்டைவிட மேலானது.

சர்க்கரை நோயாளிக்கு முன்னேற்பாடு முக்கியம். மெட்ஃபார்மின் குடலை முழுக்க ஒளிரச் செய்து, நாம் பார்க்க வேண்டிய இடத்தையே மறைத்துவிடும். பொதுவாக 48 மணி நேரம் முன்பே நிறுத்துவார்கள். அதை உங்கள் மருத்துவர் சொல்லி நிறுத்துங்கள், தாமாக நிறுத்த வேண்டாம். சுமார் ஆறு மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் குடிக்கலாம், இரத்தச் சர்க்கரை 200-க்குக் கீழே இருக்க வேண்டும். அந்த ஃபுளூரின் 110 நிமிடத்துக்கொரு முறை பாதியாகிக் கரைவதால், குறித்த நேரத்துக்குப் போய்ச் சேருங்கள்.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் உண்டு. கல்லீரலிலோ நுரையீரலிலோ ஓரிரு இடங்களில் மட்டும் நோய் திரும்பியிருந்தால், அதை வெட்டியெடுத்துக் குணமாக்கும் வாய்ப்பு சிலருக்குக் கிடைக்கிறது. பிரிட்டனில் 1,202 பேரிடம் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், குறைந்த கண்காணிப்பில் இருந்தவர்களில் 2.3 சதவீதத்தினருக்கே அத்தகைய அறுவை சிகிச்சை செய்ய முடிந்தது, சி.இ.ஏ. மட்டும் பார்த்த குழுவில் அது 6.7 சதவீதம், சி.டி. மட்டும் எடுத்த குழுவில் 8 சதவீதம். இதனால் ஆயுள் கூடியதாக அந்த ஆய்வு நிறுவவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஏதாவது தென்பட்டு, திரும்பிய நோய்தான் என்று உறுதியானால், கட்டியின் மரபணு மாற்றங்களைப் பார்க்கும் ஆர்.ஏ.எஸ்., பி.ஆர்.ஏ.எஃப்., எம்.எஸ்.ஐ. பரிசோதனைகள் செய்யப்பட்டனவா என்று கேளுங்கள். எந்த மருந்து பலிக்கும் என்பதை அவைதான் சொல்லும். முதல் அறுவையில் எடுத்து மெழுகில் பதித்து வைத்திருக்கும் திசுவிலேயே அவற்றைச் செய்ய முடியும் என்பதால், அதை மருத்துவமனையிலிருந்து கேட்டு வாங்கலாம். எதுவும் தென்படாமல் சி.இ.ஏ. மட்டும் ஏறினால், மூன்று மாதத்துக்கொரு முறை ஸ்கேனைத் திரும்ப எடுப்பதே வழக்கம்; வெறும் எண்ணை வைத்துக் கீமோ தொடங்கச் சொன்னால், வேறொரு புற்றுநோய் மருத்துவரின் கருத்தையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.