ஆச்சி பதில்கள்: பருத்திக் காட்டிலிருந்து வந்த முதலாளி

கேள்வி: சென்ற இதழில் கரிசலாங்கண்ணி எண்ணெய் பற்றி எழுதும்போது மேடம் வாக்கர் என்று ஒரு பெயரைச் சொன்னீர்கள். யார் ஆச்சி அவர்?
– வாசகி, பள்ளத்தூர்

கூந்தல் மருந்து தயாரித்து விற்றுப் பெரிய முதலாளியான கறுப்பினப் பெண்மணி. அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தின் டெல்டா என்ற ஊரில் 1867 டிசம்பர் 23 அன்று பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் சாரா பிரீட்லவ். அப்பா, அம்மா, மூத்த பிள்ளைகள் எல்லோரும் பருத்திக் காட்டில் அடிமைகளாக உழைத்தவர்கள். அந்த வீட்டில் சுதந்திரமாகப் பிறந்த முதல் குழந்தை சாராதான். ஏழு வயதிலேயே தாயும் தகப்பனும் போய்விட்டார்கள். பதினாலில் கல்யாணம், இருபதில் கணவர் இறந்தபோது கையில் ஒரு பெண் குழந்தை.

அண்ணன்மார் செயின்ட் லூயிஸில் முடிதிருத்தும் தொழில் செய்தார்கள். அங்கே போய்ப் பல வருஷம் ஊரார் துணியைத் துவைத்துத்தான் மகளைப் படிக்க வைத்தார். அப்போதுதான் அவருக்குத் தலைமுடி கொட்ட ஆரம்பித்தது. வீட்டில் குழாய் கிடையாது, தலைக்குக் குளிப்பதே அபூர்வம். கிடைத்த சோப்பிலோ காரம் அதிகம். பொடுகும் புண்ணுமாக அவதிப்பட்ட கறுப்பினப் பெண்கள் ஏராளம். ஊருணியில் குடம் குடமாகச் சுமந்து வந்து புழங்கிய நம் பக்கத்துப் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தண்ணீருக்கே தவிக்கிற இடத்தில் கூந்தலை எப்படிப் பேணுவது?

1905-இல் டென்வர் போனார். அடுத்த வருஷம் சார்லஸ் ஜோசப் வாக்கரை மணந்தார். அந்தப் பெயரையே டப்பாவில் போட்டு ஐம்பது சென்ட்டுக்கு மருந்து விற்றார். பெட்ரோலியம் ஜெல்லியும் கந்தகமும் சேர்ந்த களிம்பு அது. களிம்போடு தலையை அடிக்கடி கழுவும் பழக்கத்தையும் சொல்லிக் கொடுத்தார். பாதிப் பலன் அதில்தான் என்பது என் எண்ணம். 1908-இல் பிட்ஸ்பர்க்கில் கூந்தல் பராமரிப்பு சொல்லிக் கொடுக்க, மகள் பெயரில் லீலியா கல்லூரி தொடங்கினார். 1910-இல் இண்டியானாபொலிஸுக்கு மாறி, அங்கே தொழிற்சாலை கட்டினார்.

எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது சிகாகோவில் நடந்த விஷயம். 1912-இல் கறுப்பின வணிகர்கள் மாநாடு. தலைவர் புக்கர் டி. வாஷிங்டன் இவரைப் பேச அழைக்கவே இல்லை. கடைசி நாளில் தாமாகவே எழுந்து நின்றார் இந்த அம்மாள். பருத்திக் காட்டிலிருந்து வந்தேன், அங்கிருந்து துணி துவைக்கப் போனேன், அப்புறம் சமையல்கட்டு, அதிலிருந்து என்னை நானே உயர்த்திக்கொண்டு தொழிலுக்கு வந்தேன், என் சொந்த மண்ணில் என் தொழிற்சாலை நிற்கிறது என்று சபை நடுவே சொன்னார். மறு வருஷம் அதே மாநாட்டுக்கு அதே வாஷிங்டன் அவரைப் பேச்சாளராக அழைத்தார். படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கேள்வி: அவர் விற்ற மருந்து இன்னொருவருடைய சரக்கு என்கிறாளே என் தோழி, நிஜமா?
– கல்லூரி மாணவி, காரைக்குடி

ஆனி டர்ன்போ மலோன் என்ற பெண்மணி அதே கால வாக்கில் கூந்தல் மருந்து தயாரித்து விற்றவர். வாக்கர் முதலில் அவருடைய ஏஜென்டாகத்தான் இருந்தார். பிறகு பிரிந்து தனியாக வந்தார், இருவருக்கும் போட்டி இருந்தது. கந்தகக் களிம்பு இருவருக்கும் முன்பே புழக்கத்தில் இருந்த வைத்தியம். ஆகவே திருடினார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வாக்கரைப் புகழும்போது மலோனை மறப்பது அநியாயம். இன்னொன்று: சூடாக்கி முடியை நேராக்கும் சூடு சீப்பைக் கண்டுபிடித்தவர் வாக்கர் என்று எழுதுகிறார்கள். அது தவறு. அது அவருக்கு முன்பே இருந்தது.

கேள்வி: அவர் கோடீஸ்வரியா?
– வாசகர், தேவகோட்டை

சொந்த உழைப்பில் மில்லியன் டாலர், அதாவது பத்து லட்சம் டாலர், சேர்த்த முதல் அமெரிக்கப் பெண் என்று பலரும் எழுதுகிறார்கள். ஆனால் 1919 மே 25 அன்று 51 வயதில் இறந்தபோது சொத்து சுமார் ஆறு லட்சம் டாலர் என்று மதிப்பிட்டார்கள். அது போகட்டும். அந்தக் கடைசி மாதத்தில், கறுப்பின மக்களைக் கும்பலாகக் கூடிக் கொல்லும் கொடுமைக்கு எதிரான நிதிக்கு 5,000 டாலர் தருவதாக வாக்களித்தார். கணக்குப் பார்ப்பதென்றால் அதைப் பாருங்கள்.

கேள்வி: வீட்டில் செம்பருத்தி எண்ணெய் காய்ச்சி அக்கம்பக்கம் விற்கிறேன். அவரிடமிருந்து எனக்கு என்ன கிடைக்கும் ஆச்சி?
– வாசகி, கானாடுகாத்தான்

அவர் பெண்களை ஏஜென்ட்டாகச் சேர்த்து, தலை கழுவிக் காட்டவும் கணக்கு எழுதவும் பழக்கினார். 1917-இல் பிலடெல்பியாவில் அவர்களுக்கென்றே மாநாடு கூட்டினார். அதிகம் விற்றவருக்குப் பரிசு கொடுத்த அதே மேடையில், ஊருக்கு அதிகம் உதவியவருக்கும் பரிசு கொடுத்தார். நம் ஊரில் சீப்புச் சீடையும் அதிரசமும் சுட்டு விற்கிற வீடுகளில் நாலு பெண்கள் கூடித்தானே வேலை நடக்கிறது? உன் எண்ணெய்க்கும் அப்படி இரண்டு பேரைப் பழக்கு. காய்ச்சும் பக்குவத்தை ஒளிக்காதே. கூலியைச் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கொடுத்துவிடு.

வழுக்கையில் முடி முளைக்கும் என்று மட்டும் யாருக்கும் வாக்குக் கொடுக்காதே. கடைக்குப் போடும் எண்ணம் இருந்தால், அழகுசாதன விதிகள் 2020-இன்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் உரிமம் எடுக்க வேண்டும். லேபிளில் சேர்மானம், தயாரித்த மாதம், எந்த மாதம் வரை பயன்படுத்தலாம், உன் முகவரி எல்லாம் இருக்கட்டும். செக்காலைப் பக்கம் வந்தால் என் வீட்டுக்கு வா, நான் ஒட்டுகிற லேபிளைக் காட்டுகிறேன். காய்ச்சிய எண்ணெயில் ஒரு சின்னப் பாட்டிலும் கொண்டு வா.