எட்டு மணி அலாரம்: மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழும் இளையவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

எனக்கு இருபது வயதில் அம்மாவின் சிறுநீரகத்தைப் பொருத்தினார்கள். பதினான்கு வருடம் ஓடிவிட்டது. நான் டாக்டர் இல்லை, புதிய சிறுநீரகத்தை உடல் ஒதுக்கிவிடாமல் இருக்கத் தினமும் இரண்டு வேளை அலாரம் வைத்து மாத்திரை போடுகிற ஆள், அவ்வளவுதான். அதனால் டோஸ் பற்றிய கேள்விகளை ஒதுக்கிவிட்டேன். அவற்றை உங்கள் சிறுநீரக டாக்டரிடமே கேளுங்கள்.

அக்கா, ஆபரேஷன் முடிந்து ஐந்து மாதம். கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) 1.1தான். ஆனால் முகம் பூரி மாதிரி உப்பிவிட்டது. காலேஜுக்குத் திரும்பவே கூச்சமாக இருக்கிறது. (மாணவி, 19)

அது ஸ்டீராய்டு தரும் முகம், தங்கச்சி. பிரெட்னிசோலோன் குறையக் குறைய வடிந்துவிடும். எனக்கு ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. பசியும் அப்படித்தான். ராத்திரி பதினொரு மணிக்கு எழுந்து தோசை வார்த்துத் தின்றிருக்கிறேன்.

முகத்துக்காக மாத்திரையில் மட்டும் கை வைத்துவிடாதே. என்னோடு டயாலிசிஸில் இருந்த ஒரு பெண், அண்ணன் கல்யாணத்துக்கு முகம் வடிய வேண்டும் என்று தானாகவே நிறுத்தினாள். சில மாதங்களில் பழைய டயாலிசிஸ் நாற்காலிக்கே திரும்பிவிட்டாள். பதினேழிலிருந்து இருபத்து நான்கு வயதுக்குள்தான் மாற்றுச் சிறுநீரகத்தை இழப்பது அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. மாத்திரையைத் தவறவிடுவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். தவறவிட்டால் உடனே வலிக்காது. பெரும்பாலும் ரத்தப் பரிசோதனையில்தான் முதலில் தெரியும். அதுதான் ஆபத்தே.

இடது கையில் பிஸ்டுலா புடைத்து நிற்கிறது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் எல்லாரும் பார்க்கிறார்கள். மூடிவிடலாமா?

டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்தான் பிஸ்டுலா. என்னுடையதில் ரத்தம் இன்னும் ஓடுகிறது. விரல் வைத்தால் 'ர்ர்' என்று அதிரும். 'சித்தி கைக்குள்ள வண்டு இருக்கு' என்பான் என் அக்கா மகன். சிலருக்குத் தானாகவே அடைந்துவிடும். ரொம்பப் பெரிதாகிவிட்டாலோ இதயத்துக்குச் சுமை கொடுத்தாலோ சர்ஜன் மூடிவிடுவார். தொந்தரவு இல்லை என்றால் பலர் அப்படியே விட்டுவைக்கிறார்கள், ஒருநாள் மறுபடி தேவைப்படலாம் என்று. அது ஓடும்வரை அந்தக் கையில் பிபி பார்க்கவோ ரத்தம் எடுக்கவோ விடாதீர்கள்.

கபடி ஆடலாமா அண்ணா?

அண்ணா இல்லை, அக்கா. கபடி வேண்டாம் தம்பி. நம் பழைய சிறுநீரகங்கள் முதுகுப் பக்கம் விலா எலும்புக்குக் கீழே பத்திரமாக இருக்கின்றன. புதியது அடிவயிற்றில், தோலுக்குக் கொஞ்சம் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. முட்டி பட்டால் நேராக அதில்தான் படும். ஓட்டம், நீச்சல், ஷட்டில் எல்லாம் டாக்டர் சரி சொன்னதும் ஆடு. குரோஷியாவின் இவான் கிளாஸ்னிச் என்ற கால்பந்து வீரருக்கு 2007இல் அம்மா தந்த சிறுநீரகத்தை உடல் ஏற்கவில்லை. பிறகு அப்பாவுடையதை வைத்தார்கள். மறுவருடம் யூரோ 2008இல் கோல் அடித்தார். முழுக்கதையையும் சொல்லிவிடுகிறேன்: 2017இல் அவருக்கு மூன்றாவது முறை மாற்ற வேண்டி வந்தது. எந்தச் சிறுநீரகமும் ஆயுசுக்கும் உத்தரவாதம் இல்லை.

மகனுக்கு 23 வயது. மாற்று நடந்து இரண்டு வருடம். வேலைக்குப் போகிறேன் என்று அடம்பிடிக்கிறான். தனித் தட்டு, தனி அறை என்று பொத்திப் பொத்தி வைத்திருக்கிறேன். அனுப்பவா? (ஒரு தாய்)

அனுப்புங்கள் அம்மா. முதல் சில மாதங்கள் கிருமி பயம் நிஜம், அப்போது நீங்கள் செய்தது சரி. இப்போது மருந்தின் அளவு குறைந்திருக்கும். கை கழுவுவது, நெரிசலில் மாஸ்க், தெருவோர வெட்டுப் பழம் வேண்டாம், காய்ச்சல் 100 தாண்டினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. இவ்வளவு போதும், தனித் தட்டு வேண்டாம்.

என் அம்மா குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று சிறுநீர் போகிற சத்தத்தைக் கேட்பார். தினமும். ஒருநாள் நான் கத்திவிட்டேன். 'உள்ளே இருக்கறது என்னோடதுடீ' என்றார். அதற்கு என்னிடம் பதிலே இல்லை. ஆனாலும் அடுத்த மாதம் நான் வேலைக்குப் போனேன்.

நைட் ஷிப்ட் வந்தால் மாத்திரை நேரம்?

பன்னிரண்டு மணிநேர இடைவெளிதான் முக்கியம். எனக்கு எட்டுக்கு எட்டு. ஷிப்டுக்காக அதை மாற்றுவதில்லை. டாக்ரோலிமஸ் (எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரை) ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிற காலையில் ரத்தம் கொடுத்த பிறகுதான் மாத்திரை. பலர் இதில் சறுக்குகிறார்கள், ரிப்போர்ட் தப்பாக வரும். பம்பளிமாஸ் பழம் தொடாதீர்கள், ரத்தத்தில் மருந்தளவு ஏறிவிடும். தலைவலிக்கு மெடிக்கலில் கேட்டு டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை வாங்காதீர்கள். 'எதிர்ப்பு சக்தி கூடும்' என்று யார் எந்த லேகியம் நீட்டினாலும் வாங்காதீர்கள். அதைக் குறைக்கத்தானே இத்தனை மாத்திரை!

மாற்றுத்திறனாளி சான்றிதழ் கிடைக்குமா?

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைக் குறைபாடுகளில் சிறுநீரக நோய் இல்லை. அநியாயம்தான்.

மூளைச்சாவு அடைந்த ஒருவருடைய சிறுநீரகம் எனக்கு வந்தது. அவருக்கும் சின்ன வயது என்று மட்டும் தெரியும். பிறந்தநாள் கொண்டாடவே மனம் வரவில்லை.

அந்த வீட்டார் எடுத்த முடிவுக்கு நீங்கள் காரணம் இல்லை. உங்களுக்காக யாரும் இறக்கவில்லை. 2008இல் விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரன் என்ற சிறுவனின் பெற்றோர் மகனின் உறுப்புகளைக் கொடுத்த பிறகு தமிழ்நாட்டில் இது பரவலாகப் பேசப்பட்டது. 2023 செப்டம்பரிலிருந்து கொடையாளர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடக்கிறது. பெயர் தெரிய வேண்டும் என்று துருவாதீர்கள். எழுத வேண்டும் போலிருந்தால் ஒரு கடிதம் எழுதி, ஆஸ்பத்திரியின் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளரிடம் கொடுத்து, அந்த வீட்டாருக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுங்கள்.

பெண் பார்க்க வருகிறார்கள். சொல்லாமல் விடலாம் என்கிறார் அப்பா.

சொல்லிவிடுங்கள். மாத்திரை டப்பாவை எத்தனை நாள் ஒளித்து வைப்பீர்கள்? நான் சொன்னேன், மூன்று வீட்டார் காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். நான்காவதாக வந்தவர், 'எத்தனை மணிக்கு மாத்திரை?' என்று கேட்டார்.

குழந்தை பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். முடியும், ஆனால் திட்டமிட்டுத்தான். மாற்று நடந்து குறைந்தது ஒரு வருடமாவது ஆகி, கிரியாட்டினின் நிலையாக இருக்க வேண்டும். நம்மில் பலர் போடும் மைக்கோபினோலேட் என்ற எதிர்ப்பு சக்தி குறைக்கும் மாத்திரை கருவைப் பாதிக்கும். கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஆறு வாரம் முன்பே டாக்டர் அதை நிறுத்தி வேறு மருந்துக்கு மாற்றுவார். நீங்களாக நிறுத்தாதீர்கள். என் மகளுக்கு இப்போது நான்கு வயது. அலாரம் அடித்தால் தண்ணீர் டம்ளரைத் தூக்கிக்கொண்டு வருவாள், பாதியை வழியிலேயே சிந்திவிட்டு.