பாப்டிஸ்ட் சபைக்கு முதல் முறை போகிறீர்களா?

கேள்வி: அட்லாண்டா பக்கம் குடியிருக்கிறோம். அடுத்த வீட்டு அமெரிக்கத் தம்பதி, தங்கள் பாப்டிஸ்ட் சபைக்கு இந்த ஞாயிறு வரச்சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். பழைய முறைப்படி நடக்கும் சபையாம். நாங்கள் இந்துக்கள். எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது? (வாசகி, ஜார்ஜியா)

பதில்: தாராளமாகப் போங்கள். முதலில் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட சபைகளில் பெரும்பாலும் ஒன்பதரை மணியளவில் ஞாயிறு பள்ளி, பதினொரு மணிக்கு ஆராதனை. பள்ளி என்று பெயரே தவிர, பெரியவர்களும் தனித்தனி அறைகளில் உட்கார்ந்து வேதபாடம் படிப்பார்கள். சிறிய கூட்டம், ஆளாளுக்குப் பேச வேண்டிவரும். முதல் தடவைக்கு ஆராதனை மட்டும் போதும். பத்தே முக்காலுக்குப் போய்விடுங்கள்.

சேலை, சுடிதார் எதுவும் சரி. செருப்பைக் கழற்ற வேண்டாம். ஆண், பெண் என்று பக்கம் பிரிப்பதில்லை, குடும்பமாக உட்காரலாம். விளக்கு, சொரூபம், தூபம் எதுவும் இருக்காது. நடுநாயகமாக நிற்பது பிரசங்க மேடைதான், ஏனென்றால் இவர்களுக்கு வசனத்தைக் கேட்பதே வழிபாட்டின் மையம்.

வாசலில் ஒரு மடித்த தாள் தருவார்கள். அன்றைய நிகழ்ச்சி வரிசை அதில் இருக்கும். சில வரிகளுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால், அங்கே எழுந்து நிற்க வேண்டும் என்று பொருள். பாட்டுப்புத்தகம்தான் நம்மவர்களைத் திணறடிக்கும். தமிழ்ப் பாட்டுப்புத்தகம் போல ஒரு சரணம் முடிந்து அடுத்த சரணம் வராது. மேலைநாட்டு இசைக்குறிப்பு வரிசையின் கீழே எல்லாச் சரணங்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியிருக்கும். முதல் சரணத்துக்கு அந்த அடுக்கின் முதல் வரியைப் பாடிவிட்டு, அடுத்த இசைவரிசையின் முதல் வரிக்குத் தாவ வேண்டும். பக்கம் முடிந்ததும் திரும்ப மேலே வந்து இரண்டாம் வரி. ‘ஒன்று, இரண்டு, நான்கு’ என்று அறிவித்துவிட்டு மூன்றாம் சரணத்தை விடுவதும் சகஜம். வரி தவறினால் பாடாமல் நில்லுங்கள், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

பிரசங்கம் அரை மணி நேரம், சில சமயம் முக்கால் மணி போகும். அது முடிந்ததும் வருவதுதான் நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய கட்டம்: அழைப்பு. மெதுவான பாட்டு ஒலிக்க, போதகர் கீழே இறங்கி நின்று, விரும்புகிறவர்கள் முன்னால் வரலாம் என்பார். ஆசீர்வாதம் வாங்கும் வரிசை என்று நினைத்து எழுந்து போய்விடாதீர்கள். அந்த நடைபாதையில் முன்னால் நடப்பது, ‘கிறிஸ்துவை ஏற்கிறேன்’ அல்லது ‘இந்தச் சபையில் சேருகிறேன்’ என்று ஊரறியச் சொல்வதற்குச் சமம். கூட ஜெபிக்கச் சொல்லியும் சிலர் போவார்கள். ஆனாலும் நீங்கள் போனால், ஒருவர் உட்கார்த்தி வைத்து உங்கள் தீர்மானம் என்னவென்று கேட்பார். இருந்த இடத்திலேயே நில்லுங்கள், அதில் மரியாதைக் குறைவு துளியும் இல்லை.

கேள்வி: நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). குழந்தையில் ஞானஸ்நானம், பிறகு வளர்ந்ததும் விசுவாசத்தை உறுதிசெய்யும் திடப்படுத்தல் எல்லாம் ஆயிற்று. பாப்டிஸ்ட் சபையில் திருவிருந்தில் (இயேசுவின் நினைவாக அப்பமும் ரசமும் பகிரும் சடங்கில்) கலந்துகொள்ளலாமா? (வாசகி, டெக்சஸ்)

பதில்: அந்தந்தச் சபையைப் பொறுத்தது. பல சபைகள் கிறிஸ்துவை விசுவாசிக்கும் எவரையும் அனுமதிக்கின்றன. சில சபைகள் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு மட்டுமே தருகின்றன. பரிமாறுவதற்கு முன் போதகர் சொல்லும் ஒரு வாக்கியத்தில் இது தெரிந்துவிடும். காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். சந்தேகம் என்றால் தட்டைப் பக்கத்தவரிடம் நகர்த்திவிடுங்கள்.

முறையும் வேறு. நீங்கள் முன்னால் போய் முழங்காலிட வேண்டியதில்லை, உட்கார்ந்த இடத்துக்கே வரும். துளையிட்ட வட்டத் தட்டில் சின்னஞ்சிறு குப்பிகள், உள்ளே திராட்சை மது அல்ல, புளிக்காத திராட்சைச் சாறு. எடுத்ததும் குடித்துவிடக் கூடாது. எல்லோருக்கும் கிடைத்தபின் போதகர் சொல்ல, சேர்ந்து அருந்துவார்கள். முன் பென்ச்சின் முதுகில் சிறு துளைகள் இருந்தால், காலிக் குப்பியை வைக்கத்தான். வாராவாரம் இது நடக்காது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வைக்கும் சபைகளே ஏராளம்.

உறுப்பினராகச் சேர விரும்பினால் விஷயம் வேறு. பெரும்பாலும் மறுபடி முழுக்கு கேட்பார்கள். உங்கள் விசுவாசத்தைக் குறைத்து மதிப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1609இல் ஆம்ஸ்டர்டாமில் ஜான் ஸ்மித்தும் உடனிருந்த ஆங்கிலேயரும் குழந்தை ஞானஸ்நானத்தை மறுத்த இடத்திலிருந்துதான் இந்தச் சபைகளே பிறந்தன. தானாக அறிக்கையிட்டவருக்கே ஞானஸ்நானம் என்பதுதான் அவர்களுடைய ஆணிவேர். பாடகர் குழுவுக்குப் பின்னால், திரை மறைவில் இடுப்பளவு தண்ணீர்த் தொட்டி இருக்கும். போதகர் மூக்கைக் கைக்குட்டையால் பொத்தி, மல்லாக்கச் சாய்த்து ஒரு கணம் முழுக்கி எடுப்பார். குழந்தைகளுக்கு, அவர்களைக் கடவுளிடம் ஒப்படைக்கும் பிரதிஷ்டை ஜெபம் மட்டுமே.

கேள்வி: ஒரு பாப்டிஸ்ட் சபையில் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. இன்னொன்றில் இரண்டு மணி நேரம், நடுநடுவே ‘ஆமென்’ என்று குரல் வேறு. இரண்டும் ஒன்றுதானா? (வாசகர், அட்லாண்டா)

பதில்: ஒரே மரபுதான், ஆனால் மேலே பேராயர் கிடையாது. போதகரைத் தேர்ந்தெடுப்பது, கட்டடம், வரவுசெலவு எல்லாவற்றையும் அந்தந்தச் சபையாரே ஓட்டெடுத்து முடிவு செய்கிறார்கள். 1845இல் ஜார்ஜியாவின் அகஸ்டாவில் அமைந்த தெற்கத்திய பாப்டிஸ்ட் கூட்டமைப்பும் போதகரை நியமிப்பதில்லை. கறுப்பின பாப்டிஸ்ட் சபைகளுக்குத் தனி வரலாறு உண்டு. 1886இல் தொடங்கிய எபனேசர் சபை உங்கள் ஊரிலேயே இருக்கிறது, மார்ட்டின் லூதர் கிங்கும் அவர் தந்தையும் போதகர்களாக இருந்த சபை. அந்த மரபில் பிரசங்கம் ஒருவர் மட்டும் பேசுவதல்ல, சபையார் குரல் கொடுக்கக் கொடுக்கத்தான் அது ஏறும். கூடவே நீங்களும் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம்.

கேள்வி: காணிக்கைத் தட்டு வந்தால் ஏதாவது போட்டாக வேண்டுமா? (வாசகர், வட கரோலினா)

பதில்: வேண்டாம். தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு தருவது, உறுப்பினர்களின் கடமை. புதிதாக வருபவர்கள் பெயர், விவரம் எழுதித் தரும் விருந்தினர் அட்டையை நிரப்பியிருந்தால் அதைத் தட்டில் போடலாம். அட்டையில் தொலைபேசி எண் எழுதினால் அந்த வாரமே யாராவது கூப்பிடுவார்கள். அது வேண்டாம் என்றால் பெயர் மட்டும் எழுதுங்கள்.