ஊருக்குப் போகும்போது கொம்புச்சாவை என்ன செய்வது?

வாசகர் கேள்விகளுக்கு தருமபுரியிலிருந்து பதில்கள்

கேள்வி: ஒரு வருடமாக வீட்டிலேயே கொம்புச்சா (இனிப்பு டீயைப் புளிக்க வைத்த பானம்) போடுகிறேன். மகளுக்குப் பிரசவ நேரம். சித்திரை தொடங்கி இரண்டு மூன்று மாதம் பெங்களூரில் இருக்க வேண்டியிருக்கும். வீட்டில் வீட்டுக்காரர் மட்டும்தான், அவருக்கு இதெல்லாம் பழக்கமில்லை. ஸ்கோபியை, அதாவது மேலே மிதக்கும் தட்டை, நன்றாகக் கழுவி, டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போகலாமா? ஃப்ரீசரில் வைத்தால் இன்னும் நல்லது என்கிறாள் என் தங்கை. மகளுக்கு இரண்டு பாட்டில் கொண்டுபோகவும் ஆசை.
— ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: கழுவாதீர்கள் அம்மா. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் காப்பாற்ற வேண்டியது மேலே மிதக்கும் தட்டை அல்ல, அது ஊறிக் கிடக்கும் புளித்த டீயை. அந்தத் தட்டு, பாக்டீரியாக்கள் சர்க்கரையை வைத்துக் கட்டிய செல்லுலோஸ். அதற்குள்ளும் உயிர்கள் உண்டுதான். ஆனால் ஈஸ்டும் பாக்டீரியாவும் நீரிலேயே தாராளமாக இருக்கின்றன. தட்டே இல்லாமல், நன்றாகப் புளித்த நீரை மட்டும் புது டீயில் ஊற்றி வைத்தாலும் சில வாரங்களில் மேலே புதுத் தட்டு படிந்துவிடும். நீரைக் கொட்டிவிட்டுத் தட்டைக் கழுவி வைப்பது, உறைமோரைக் கொட்டிவிட்டு தயிர்ச்சட்டியைப் பத்திரப்படுத்துவது மாதிரி. பூஞ்சணத்தை அண்டவிடாமல் வைத்திருப்பதே அந்தப் புளிப்புதான்.

ஃப்ரீசர் வேண்டவே வேண்டாம். நீர் உறையும்போது உண்டாகும் பனிப்படிகங்கள் செல்களைக் கிழித்துவிடும். ஃபிரிட்ஜ் அவ்வளவு மோசமில்லை. ஆனால் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் குளிரில் சோர்ந்துபோகும். திரும்பி வந்து போடும் முதல் தவணையில் புளிப்பு ஏறத் தாமதமானால், அந்த இடைவெளியில் பூஞ்சணம் முந்திக்கொள்ளும். அதனால் வெளியில் வைத்துவிட்டுப் போவதையே நான் சொல்வேன்.

இப்படிச் செய்யுங்கள். கிளம்புவதற்கு முன்னால் போடும் கடைசித் தவணையைக் குடிக்க எடுக்காமல், வாயில் வைத்தால் முகம் சுளிக்கிற அளவுக்குப் புளிக்க விடுங்கள். அதிலிருந்து ஒன்றரை லிட்டர் எடுத்து, அகலமான வாயுள்ள கண்ணாடி ஜாடியில் ஊற்றி, இரண்டு தட்டுகளை அதில் போடுங்கள். அப்புறம் 300 மில்லி இனிப்பு டீ. பால் கலக்காத டிகாஷன்தான், லிட்டருக்கு 70 கிராம் சர்க்கரைக் கணக்கு. நன்றாக ஆறியிருக்க வேண்டும். மூடியை இறுக்கி மூடக் கூடாது. பாக்டீரியாவுக்குக் காற்று தேவை, ஈஸ்ட் விடும் வாயு வெளியே போகவும் வழி வேண்டும்.

வாயைக் கட்டும் துணியில் கவனம் வையுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத அந்த மாதங்கள் நம் பக்கத்தில் மாங்காய்க் காலம். வீட்டு மூலையில் ஒரு கூடை பெங்களூராவோ செந்தூராவோ பழுத்துக்கொண்டிருந்தால், அந்தக் குட்டி ஈக்கள் புளிப்பு வாசத்தைத் தேடி ஜாடிக்கு வந்துவிடும். கொசுவலை, டீ வடிகட்டுகிற மெல்லிய துணி எல்லாம் அவற்றுக்கு வாசல் திறந்து வைத்த கணக்கு. நெருக்கமாக நெய்த பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்துப் போட்டு, ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். ஈ முட்டையிட்டுப் புழு நெளிந்தால் மொத்தத்தையும் கொட்ட வேண்டியதுதான். ஜாடி இருக்கும் அறையில் பழக்கூடை வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போங்கள்.

வைக்கிற இடம் இருட்டாக, வீட்டிலேயே குளுமையானதாக இருக்கட்டும். 24 முதல் 30 டிகிரி வரை இதற்குச் சுகம். காவேரிப்பட்டணத்துக் கத்திரி வெயிலில் மாடி அறையும் ஷீட் போட்ட அறையும் அடுப்பு மாதிரி கொதிக்கும். கீழ்த்தளத்தில், தரையோடு ஒட்டிய அலமாரியே சரி.

துணி வழியாக நீர் ஆவியாகிக் குறையும் என்பதால் வீட்டுக்காரருக்கு ஒரு வேலை உண்டு. மாதம் ஒருமுறை ஒரு டம்ளர் பால் இல்லாத டீயில் ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை கரைத்து, முழுக்க ஆறவைத்து, ஜாடியில் ஊற்ற வேண்டும். கையை உள்ளே விட வேண்டாம், தட்டைத் திருப்பிப் பார்க்க வேண்டாம். இன்னொன்று: நம்பிக்கையான பக்கத்து வீட்டில் ஒரு சின்ன ஜாடி கொடுத்துவிட்டுப் போங்கள். ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும்.

திரும்பி வந்து பார்த்தால் தட்டுகள் தடித்து அடுக்கடுக்காக இருக்கும். அடியில் கறுத்துப்போனவற்றை எடுத்துச் செடிக்கு உரமாகப் புதைத்துவிடுங்கள். மேலே வெளுப்பாக இருக்கும் இளம் தட்டு ஒன்று போதும். ஈஸ்ட் வண்டல் அடியில் தங்கியிருக்கும், அதனால் நீரை மேலாக மொண்டு எடுங்கள். லிட்டர் புது டீக்கு 200 மில்லி பழைய நீர் விட்டால் முதல் தவணையும் பயமில்லாமல் எழும். ஆய்வகப் பொருள் கடையில் புளிப்பை அளக்கும் பி.எச். தாள் கிடைக்கும். கலந்த உடனே 4.5க்குக் கீழே காட்டினால் தைரியமாகத் துணி கட்டி வைக்கலாம்.

மகளுக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள். வீட்டில் போடுவதில் கொஞ்சம் ஆல்கஹால் இருக்கும், எவ்வளவு என்று நம்மால் அளக்க முடியாது. காய்ச்சிக் கிருமி நீக்காத பானம் வேறு. கர்ப்ப காலத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் இது வேண்டாம். அவளுக்கு உங்கள் கையால் ராகிக் களியும் கீரைக் கடைசலும் போதும். நல்லபடியாகப் போய் வாருங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் போர் தண்ணீரும் உண்டு, ஒகேனக்கல் தண்ணீரும் வருகிறது. ஒகேனக்கல் தண்ணீரில் குளோரின் வாசம் வருவதால் கொம்புச்சாவுக்குப் போர் தண்ணீரைத்தான் எடுக்கிறேன். நன்றாகக் கொதிக்க வைத்துவிடுவேன். சரிதானே?
— கல்லூரி மாணவர், பென்னாகரம்

பதில்: இல்லை தம்பி, இன்றே மாற்றுங்கள். குளோரின் உங்கள் கல்ச்சருக்கு (புளிக்க வைக்கும் ஈஸ்ட், பாக்டீரியாவுக்கு) ஆகாது என்று நினைத்தது சரிதான். ஆனால் குளோரின், பாத்திரத்தைத் திறந்து வைத்துச் சில நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்தாலே போய்விடும். போர் தண்ணீரில் இருக்கும் ஃப்ளோரைடு அப்படிப் போகாது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர்தான் வற்றும், அதிலுள்ள ஃப்ளோரைடு இன்னும் செறிவாகும்.

நம் தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரின் கதை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். பாறையிலிருந்து கரைந்து வரும் ஃப்ளோரைடுதான் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறையாக ஏறியது, பெரியவர்களின் மூட்டை மடங்கவிடாமல் இறுக்கியது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தரம், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை. அதைத் தாண்டும் கிணறுகள் இரண்டு மாவட்டத்திலும் உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை ஜப்பான் கடனுதவியோடு கொண்டுவந்து 2013இல் தொடங்கியதே இந்தப் பாதிப்பைக் குறைக்கத்தான். அவ்வளவு பாடுபட்டு வந்த காவிரித் தண்ணீரை வாசத்துக்காக ஒதுக்கிவிடாதீர்கள்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. தேயிலைச் செடி மண்ணிலிருந்து ஃப்ளோரைடை இழுத்து இலையில் சேர்த்து வைக்கும், முற்றிய இலையில் அதிகம். ஆக, டீயிலேயே கொஞ்சம் வருகிறது, அதற்கு மேல் போர் தண்ணீரிலும் வந்தால் சுமை கூடும். புளிக்க வைப்பதால் அது நீங்காது. தவணைகளுக்கு நடுவில் ஜாடியில் ஊற்றும் டீக்கும் இதே விதிதான். மாதக்கணக்கில் ஆவியாகி ஆவியாகி, ஃப்ளோரைடு மட்டும் உள்ளேயே தங்கும்.

கேள்வி: ஊறுகாய் ஜாடியில் கொம்புச்சா வைத்திருக்கிறேன். அடியில் பழுப்பு நூல் மாதிரி தொங்குகிறது, காடி வாசம் தூக்கி அடிக்கிறது. கெட்டுவிட்டதா?
— ஒரு வாசகி, அரூர்

பதில்: கெடவில்லை. அந்த நூல் ஈஸ்ட், காடி வாசம் அசிட்டிக் அமிலம். குடிக்க முடியாத அளவு புளித்துவிட்டது, அவ்வளவுதான். பூஞ்சணம் என்றால் தட்டின் மேல்பக்கம் உலர்ந்து, பஞ்சு மாதிரி, வட்டம் வட்டமாகப் பச்சையாகவோ கறுப்பாகவோ வெள்ளையாகவோ தெரியும். அது வந்தால் சுரண்டிவிட்டுத் தொடரக் கூடாது, நீரோடு சேர்த்து எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள்.

எனக்குக் கவலை உங்கள் ஜாடியைப் பற்றி. பீங்கான் மெருகில் ஈயம் இருந்தால் இந்த அமிலம் அதைக் கரைத்தெடுக்கும். ஆஸ்திரேலியாவில் பீங்கான் பாத்திரத்தில் கொம்புச்சா போட்டுக் குடித்த ஒரு தம்பதிக்கு ஈய நஞ்சு ஏறியதை அங்குள்ள மருத்துவர்கள் 1998இல் பதிவு செய்திருக்கிறார்கள். உங்கள் ஜாடியின் மெருகில் என்ன இருக்கிறது என்று பார்வைக்குத் தெரியாது. அதில் இதுவரை ஊறிய நீரையும் தட்டையும் கொட்டிவிட்டு, தெரிந்தவர்களிடம் புதிதாக வாங்கிக் கண்ணாடியில் தொடங்குங்கள். பித்தளை, செம்பு, அலுமினியமும் ஆகாது.

கேள்வி: நாட்டுச் சர்க்கரை, ஏலக்காய் டீத்தூள் போடலாமா?
— ஒரு வாசகர், ஓசூர்

பதில்: குடிக்கிற தவணையில் நாட்டுச் சர்க்கரையை முயன்று பார்க்கலாம். ஈஸ்ட் வேகமாகக் கிளம்பி வண்டல் அதிகம் விழும், வாசமும் மாறும். இருப்பு ஜாடிக்கு வெள்ளைச் சர்க்கரையும் வாசனை சேர்க்காத டீத்தூளும் மட்டும். ஏலக்காய், கிராம்பு எண்ணெய்கள் கல்ச்சரைப் பலவீனப்படுத்தும். ஏலக்காய் வேண்டுமென்றால், புளித்து வடிகட்டி எடுத்த பிறகு பாட்டிலில் தட்டிப் போடுங்கள். மார்கழிக் குளிரில் ஓசூரில் ஒரு தவணை மற்ற மாதங்களைவிட மெதுவாகத்தான் புளிக்கும். நாளைக் கூட்டிக்கொள்ளுங்கள், சர்க்கரையைக் கூட்ட வேண்டாம்.