கேள்வி: எங்கள் தோட்டத்து வாழையை ரீஃபர் (குளிர்பதன) கண்டெய்னரில் துபாய்க்கு அனுப்ப நினைக்கிறேன். டெம்பரேச்சர் செட் பண்ணிவிட்டால் போதும், மற்றதைக் கப்பல் பார்த்துக்கொள்ளும் என்கிறார்களே, உண்மையா?

இந்தக் கேள்வியைப் படித்ததும் வயிறு எரிந்தது. "செட் பண்ணிவிட்டால் போதும்" என்று நம்பி 1,540 பெட்டி காயை அனுப்பிவைத்த ஆள் நான்.

நீங்கள் கோபி, சத்தி, அந்தியூர் பக்கம் என்று எடுத்துக்கொள்கிறேன். வீட்டில் யாராவது நாலு ஏக்கர் ஜி-9 ரக வாழை போட்டிருப்பார்கள். உள்ளூரில் விலை விழுந்திருக்கும். துபாயில் இருக்கும் சிநேகிதர் சூப்பர் மார்க்கெட் ரேக்கைப் படம் எடுத்து அனுப்பி, "இங்கே கிலோ இத்தனை திர்ஹாம்" என்று ஆசை காட்டியிருப்பார். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

நான் பெரிய ஏற்றுமதியாளன் கிடையாது, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருஷத்துக்கு ஐந்தாறு கண்டெய்னர், அதுவும் இன்னொருவர் லைசென்ஸில் ஆரம்பித்தவன். "இதெல்லாம் அரிச்சுவடி, இதுகூடத் தெரியாமல் எதற்கு வியாபாரம்" என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு: தெரியாமல்தான் செய்தேன், அதனால்தான் எழுதுகிறேன்.

அது ஒரு சித்திரை மாதம். தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் மூன்று தோட்டத்துக் காய் பேசி முடித்திருந்தேன். காலையில் தார் வெட்டி, சீப்பு பிரித்து, படிகாரத் தண்ணீரில் பால் போகக் கழுவி, 13 கிலோ பெட்டிகளில் அடுக்கினோம். மொத்தம் 20 டன். இந்தக் காயை ஒரு ராத்திரியாவது குளிர் அறையில் வைத்து 13, 14 டிகிரிக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஏற்ற வேண்டும். வாடகைக்குப் பேசியிருந்த குளிர் அறையில் வேறு ஒருவர் சரக்கு நிறைந்து கிடந்தது. "நாளான்னைக்கு வாங்க" என்றார்கள். கொச்சியில் கப்பல் கட் ஆஃப், அதாவது கண்டெய்னரை ஒப்படைக்கக் கடைசி நேரம், மறுநாள் சாயங்காலம். காலி ரீஃபரோ கொச்சியிலிருந்து வந்து ஷெட் வாசலில் நிற்கிறது, வாடகை ஓடிக்கொண்டிருக்கிறது.

ஏற்றச் சொல்லிவிட்டேன்.

லாரி டிரைவர் சங்ககிரிக்காரர், சின்ன வயசு. கதவைச் சாத்துவதற்கு முன்னால் ஒரு பெட்டியின் காற்றுத் துளைக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்தார்.

"அண்ணா, காய் வெதுவெதுன்னு இருக்குதுங்களே?"

"அதெல்லாம் பெட்டி பாத்துக்கும் தம்பி. நீ வண்டிய எடு."

பெட்டி பார்த்துக்கொள்ளாது. ரீஃபர் என்பது குளிர்ந்து வந்த சரக்கை அதே குளிரில் வைத்துக்கொண்டு போகும் பெட்டி. சூடான சரக்கைச் சட்டென்று குளிர வைக்க அதற்குத் திராணி கிடையாது. குளிர்காற்று தரையில் இருக்கும் பள்ளங்கள் வழியாக ஓடி, பெட்டிகளுக்கு நடுவே மேலே ஏறி, கூரையை ஒட்டித் திரும்பிப் போகும். அந்த வழிக்காகத்தான் உள்சுவரில் சிவப்புக் கோடு போட்டிருப்பார்கள். அதற்கு மேல் அடுக்கக் கூடாது. நாங்கள் கடைசி வரிசையில் கோட்டுக்கு மேலேயும் ஒரு அடுக்கு ஏற்றியிருந்தோம். அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்று, வாழைக்காய் வெட்டிய பிறகும் மூச்சு விடும். சூட்டில் வேகமாக விடும், அந்த மூச்சே மேலும் சூட்டைக் கிளப்பும். நாலு காய் பழுத்து எத்திலீன் வாயுவை விட ஆரம்பித்தால் பக்கத்துப் பெட்டியையும் சேர்த்துப் பழுக்க வைத்துவிடும். அதற்குப் பயந்து 10 டிகிரிக்குக் குறைத்தீர்களானால் தோல் கறுத்துச் சாம்பல் பூத்துவிடும், அப்புறம் ஒழுங்காகப் பழுக்கவே பழுக்காது.

துபாயின் ஜெபல் அலி துறைமுகத்தில் கண்டெய்னரைத் திறந்ததும் வாங்குகிறவர் வீடியோ அனுப்பினார். ஓரத்துப் பெட்டிகள் பச்சையாகத்தான் இருந்தன. நடுவில் இருந்தவற்றில் பிளாஸ்டிக் உறைக்குள் முத்து முத்தாகத் தண்ணீர், காய் மஞ்சள், காம்பு கறுப்பு. அவர் ஒரு சீப்பைத் தூக்கினார். சீப்பு கையில் வந்தது, பழங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று கீழே விழுந்தன. அதை எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

உடனே எனக்கு டிரைவர் ஞாபகம்தான் வந்தது. வாளையாரில் டீ குடிக்க நிறுத்தியபோது டீசலை மிச்சம் பிடிக்க ஜென்செட்டை (ரீஃபருக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டரை) அணைத்திருப்பான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். லாரி ஓனருக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டு, மீதி வாடகையை நிறுத்திவைத்தேன். "சத்தியமா அணைக்கலைங்ணா" என்றார் அந்தத் தம்பி. நான் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்து கண்டெய்னரே எடுத்துவைத்த வெப்பநிலைப் பதிவு வந்தது. இரண்டு கோடு. ஒன்று உள்ளே போகிற காற்று, சில மணி நேரத்தில் 13.5-க்கு வந்து கடைசிவரை அங்கேயே நிற்கிறது. மற்றது சரக்கைச் சுற்றித் திரும்பி வருகிற காற்று. முதல் நாள் முழுக்க 20-க்கு மேலே. நாலாவது நாள்தான் 15-ஐத் தொடுகிறது. ரோட்டில் ஒரு நிமிஷம்கூட மின்சாரம் நிற்கவில்லை. காய் சூடாக உள்ளே போயிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். காப்பீட்டுக்காரர்களும் அந்தக் கோட்டைக் காட்டியே கையை விரித்தார்கள். லாரி ஓனருக்கு மீதி வாடகையை அனுப்பிவிட்டேன். அந்தத் தம்பிக்குப் போன் பண்ண மட்டும் வாய் வரவில்லை.

சரி, நாமக்கல்காரர்கள் ஒரு நாற்பதடிப் பெட்டியில் கிட்டத்தட்ட நாலே முக்கால் லட்சம் முட்டை ஏற்றி வளைகுடாவுக்கு அனுப்புகிறார்களே, அவர்களுக்கு மட்டும் எப்படி என்று கேட்கலாம். அவர்களுக்குப் பல வருஷப் பழக்கம், ஆள்கட்டு, வசதி எல்லாம் இருக்கிறது. நம்மிடம் தகர ஷெட்டும் தைரியமும்தான் இருக்கிறது.

உறைந்த சரக்கு (துருவிய தேங்காய், பரோட்டா, முருங்கைத் துண்டு) ஒரு வகையில் சுலபம். மைனஸ் 18 டிகிரி, வெளிக்காற்று உள்ளே வர கண்டெய்னரில் இருக்கும் சின்ன ஜன்னல் மூடியிருக்க வேண்டும், அவ்வளவுதான். வாழைக்கு அதே ஜன்னல் திறந்திருக்க வேண்டும். புக்கிங் பேப்பரில் டிகிரி பிளஸ்ஸா மைனஸா என்பதை உங்கள் கண்ணால் பாருங்கள், ஏஜென்ட் பார்த்தார் என்று விடாதீர்கள்.

கேட்காத விஷயம்தான், ஆனாலும் ஏற்றுமதி என்று பேச்சு வந்தால் எனக்கு வெங்காயம் ஞாபகம் வந்துவிடும். 2020 செப்டம்பர் 14 அன்று எல்லா வகை வெங்காயத்துக்கும் ஒரேயடியாக ஏற்றுமதித் தடை போட்டார்கள். வடக்கே பெரிய வெங்காயம் விலை ஏறினால் தாராபுரத்துச் சின்ன வெங்காயம் என்ன பாவம் செய்தது? மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சாம்பாருக்கு அதைத் தேடுகிறவர்கள் நம் ஆட்கள். என் மைத்துனர் நல்ல விலை வரும் என்று வெங்காயத்தைப் பட்டறை போட்டுச் சேமித்து வைத்திருந்தார். 2021 ஜனவரி 1-இல் தடையை எடுத்தபோது பட்டறையில் பாதி முளைத்து, மீதி அழுகி, தோட்டமே நாறியது. நான் செய்த தப்புக்கு நான் அனுபவித்தேன், அவர் செய்த தப்பு என்ன என்று யாராவது சொல்லுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். குளிர் அறை கையில் இல்லாமல் கண்டெய்னர் புக் பண்ணாதீர்கள். காய்க்குள் தெர்மாமீட்டர் ஊசியைக் குத்திப் பாருங்கள், அறையின் டிஸ்ப்ளேயை நம்ப வேண்டாம். திறந்தவெளியில் ஏற்றுவதாக இருந்தால் காலிக் கண்டெய்னரை முன்கூட்டியே குளிரவிடாதீர்கள், கதவைத் திறந்ததும் வெளிக்காற்று புகுந்து சுவரெல்லாம் வியர்க்கும். சரக்குக்கு நடுவே சொந்தமாக ஒரு டேட்டா லாகர் (வெப்பநிலையைப் பதிவு செய்யும் சின்னக் கருவி) போடுங்கள். 200, 300 பெட்டிதான் தேறும் என்றால் கப்பலை மறந்துவிட்டு, கோவையிலிருந்து ஷார்ஜா விமானத்தில் கொஞ்சமாக அனுப்பி வாங்குகிற ஆளைப் பிடியுங்கள். லாபம் நிற்காது, ஆனால் தூக்கம் வரும்.

பி.கு.: கொச்சியிலிருந்து இன்றைய கப்பல் வாடகை என்ன என்று உள்பெட்டியில் கேட்காதீர்கள். வாரத்துக்கு வாரம் மாறுகிறது, நானே ஏஜென்டிடம்தான் கேட்கிறேன்.